மூன்றாம் பிரமிடின் வடு

கெய்ரோவிலிருந்து காலையில் புறப்பட்டு நாமும் துணைவியாரும் கீஸா சென்றிருந்தோம். மூன்று பிரமிடுகளுள் சிறியதான மென்கௌரேயின் வடமுகத்தில் செங்குத்தாக ஒரு பெரும் பிளவு. "யார் செய்த வேலைங்க இது?" என்றார் துணைவியார். மறைப்பானேன்? நம்மவர்தாம்.

சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் மைந்தர் அல்-மலிக்குல் அஸீஸ் உஸ்மான், அவையோர் சிலரின் தூண்டுதலால் கி.பி. 1196இல் இதனைத் தகர்க்க ஆளனுப்பினார். நாளொன்றுக்கு ஓரிரு கற்களே பெயர்ந்தன. எட்டு மாதத்தில் கைவிட்டனர்.

இதைப் பதிந்து வைத்தவரும் நம்மவரே: அக்காலத்தில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவ மேதை அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி. தம் 'அல்-இஃபாதா வல்-இஃதிபார்' நூலில், தூண்டியவர்களை அறிவிலிகள் என்றே அவர் சாடுகிறார். ஆயிரம் தீனார் தந்தால் பெயர்த்த கல்லில் ஒன்றையேனும் பழைய இடத்தில் வைக்க முடியுமா என்று கொத்தர் தலைவரிடம் கேட்டாராம். அதைப்போல் பன்மடங்கு தந்தாலும் இயலாது என்று அவர் ஆணையிட்டுச் சொன்னார்.