பதக்கமும் நுழைவுச்சீட்டும்

1959ஆம் ஆண்டு. சென்னை இளைஞர் ஒருவரின் முன் ஓர் ஒப்பந்தம் வைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் உறுதி என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தை நீட்டியவர் 1947இல் விம்பிள்டன் பட்டம் வென்று, பின்னர் தொழில்முறை டென்னிஸ் குழு ஒன்றை நடத்தி வந்த ஜாக் கிரேமர். பெற்றுக்கொள்ள வேண்டியவர் இருபத்திரண்டு வயதான இராமநாதன் கிருஷ்ணன். அன்றைய இந்தியாவில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக உழைத்தாலும் காண இயலாத தொகை அது. கிருஷ்ணன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

இம்மறுப்பைப் புரிந்துகொள்ள அக்காலத்து விளையாட்டுச் சட்டத்தை அறிந்துகொள்வது அவசியம். பணத்துக்கு ஆட ஒப்பிய நாளிலிருந்து விம்பிள்டன் வாயில் அவருக்கு மூடப்படும். இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடும் உரிமையும் பறிபோகும். ஊர் ஊராகச் சென்று, நுழைவுச்சீட்டு வாங்கி வரும் கூட்டத்தின் முன் அதே நான்கைந்து பேருடன் இரவுதோறும் ஆடலாம். ஆனால் உலகம் ‘வெற்றியாளர்’ என்று பெயர் சூட்டும் களத்தில் அவருக்கு இடமில்லை. பதக்கம் வேண்டுமா, பணம் வேண்டுமா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றது சட்டம்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மேட்டுக்குடியிலிருந்து வந்தது. தேம்ஸ் நதியில் நடைபெறும் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியின் நிர்வாகிகள் 1879இல் ‘அமெச்சூர்’ யார் என்பதற்கு ஒரு வரையறை வகுத்தனர். பரிசுப் பணத்துக்கு ஆடியவர் மட்டுமன்றி, கைத்தொழில் செய்பவர், கூலி வேலை செய்பவர் ஆகியோரும் அதன்படி அமெச்சூர் ஆகமாட்டார்! உடலுழைப்பால் வாழ்பவன் கனவானோடு படகு வலிக்கக் கூடாது என்பதே இதன் உட்பொருள். காலப்போக்கில் இவ்வரையறையின் கூர்மை மழுங்கி, ‘பணத்துக்காக அன்று, விளையாட்டின் அன்புக்காக ஆடுதல்’ என்னும் அழகிய போர்வை அதன்மேல் போர்த்தப்பட்டது. அந்தப் போர்வையின் கீழ் நசுங்கியவர்கள் பலர். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தார்ப், முன்பு பேஸ்பால் ஆடிச் சிறு தொகை பெற்றிருந்தார் என்பதற்காக 1913இல் தம் பதக்கங்களை இழந்தார். அவை 1982இல் மீட்டளிக்கப்பட்டபோது அவர் மறைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இச்சட்டத்தின் பிடியையும் அதன் முரணையும் முழுமையாகக் காண, நம் நாட்டில் பெரும்பாலோர் நேரில் கண்டிராத ஒரு கலையை நோக்க வேண்டும். அது பனித்தளத்தில் ஆடும் சறுக்கு நடனம். தமிழில் ‘பனி’ என்றால் மார்கழி அதிகாலையில் ஜவ்வாது மலைச் சரிவை மூடும் மூடுபனியும் புல்நுனித் துளியுமே நம் நினைவுக்கு வரும். நீர் பாறைபோல் உறைந்து, அதன்மேல் மனிதர் இரும்பு அலகு பதித்த காலணியோடு சுழன்றாடுவது நமக்கு அயலான காட்சி. ஆயினும் அந்தக் களத்தில் எழுந்த கேள்வி நமக்கும் உரியதே.

டென்னிஸ் ஆட்டக்காரர் காட்சிக்கு ஆடினாலும் அது ஆட்டமே. சறுக்கு நடனமோ பிறவியிலேயே பாதி போட்டி, பாதி காட்சி. இக்கலைக்கு இசையையும் பாலே நடன அசைவுகளையும் தந்தவர் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்னும் அமெரிக்கர். அவர் 1860களில் ஐரோப்பாவுக்குச் சென்று, வியன்னா முதலிய நகரங்களில் மக்கள் முன் ஆடிக்காட்டிப் பிழைத்த கலைஞர். அவர் 1875இல் இறந்தார். சர்வதேசச் சறுக்குச் சங்கம் தோன்றியதோ 1892இல்தான். முதல் உலகப் போட்டி 1896இல் பீட்டர்ஸ்பர்க் நகரில் நடைபெற்றது. ஆக, காட்சியே மூத்தது, போட்டி இளையது. இருந்தும் இளையது மூத்ததை வாசலுக்கு வெளியே நிறுத்தியது!

அந்த வாசலைத் துணிந்து கடந்தவர்களில் தலையானவர் நார்வே நாட்டு சோன்யா ஹெனி. 1924இல் பதினோரு வயதில் முதல் ஒலிம்பிக்கில் கடைசி இடம் பெற்றவர், 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து முறை உலகப் பட்டமும், 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் தங்கங்களும் வென்றார். 1936இலேயே போட்டிக்களத்தை விட்டு ஹாலிவுட்டுக்குச் சென்று, திரைப்படங்களாலும் ஊர்கள்தோறும் நடத்திய பனித்தளக் காட்சிகளாலும் பெருஞ்செல்வம் ஈட்டினார். அவருடைய தந்தை வசதியான வணிகர். மகளின் பயிற்சிக்குச் செலவழிக்க அவரால் முடிந்தது. ‘அன்புக்காக’ ஆடும் ஆண்டுகளைத் தாங்கும் செல்வம் வீட்டிலேயே இருந்தது.

எல்லார்க்கும் அப்படி வாய்க்கவில்லை. கனடாவின் பார்பரா ஆன் ஸ்காட் 1947இல் உலகப் பட்டம் வென்று திரும்பியபோது, ஒட்டாவா நகர மக்கள் அவருக்கு மஞ்சள் நிற பியூக் கார் ஒன்றை அன்பளிப்பாக வழங்கினர். அதை ஏற்றால் அமெச்சூர் தகுதி போய்விடும் என்று ஒலிம்பிக் நிர்வாகி ஏவரி பிரண்டேஜ் எச்சரிக்க, அந்த இளம்பெண் காரைத் திருப்பிக் கொடுத்தார். 1948இல் செயின்ட் மோரிட்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, போட்டியிலிருந்து விலகிய பின்னரே அதே கார் அவர் கைக்கு மீண்டது. சொந்த ஊரார் மனமுவந்து தந்த பரிசு எங்ஙனம் களங்கமாகும்?

1976இல் தங்கம் வென்ற ஆங்கிலேயர் ஜான் கரி, போட்டியை விட்ட மறுகணமே தம் சொந்த நடனக் குழுவை அமைத்தார். சறுக்கு நடனத்தை நுண்கலையாக உயர்த்திய அவர் குழு 1984இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்கில் ஆடியது. அதே ஆண்டு சராயேவோ ஒலிம்பிக்கில் ராவெலின் ‘பொலேரோ’ இசைக்கு ஆடி நடுவர்களிடம் முழு மதிப்பெண்களை அள்ளிய ஜெய்ன் டார்வில், கிறிஸ்டோபர் டீன் இணையர் செல்வக் குடும்பத்தினர் அல்லர். அவர் காப்பீட்டு நிறுவன எழுத்தர், இவர் காவலர். வேலையை விட்டுப் பயிற்சி பெற நாட்டிங்ஹாம் நகரமன்றம் நிதியளித்தது. தங்கம் பெற்றவுடன் அவர்களும் தொழில்முறைக் காட்சிக்கே சென்றனர். அதே சராயேவோவில் வென்ற அமெரிக்கர் ஸ்காட் ஹாமில்டன், தாம் ஆடிவந்த நிறுவனம் தம்மைக் கைவிட்டபோது சோர்ந்துவிடாமல், 1986இல் ‘ஸ்டார்ஸ் ஆன் ஐஸ்’ என்னும் பயணக் காட்சி தோன்றக் காரணரானார்.

ஆக, பனித்தள வெற்றியாளரின் வாழ்க்கை இரண்டு அத்தியாயங்களாக எழுதப்பட்டது. முதல் அத்தியாயத்தில் பெயர். இரண்டாம் அத்தியாயத்தில் சோறு. முதலாவதைச் செலவுசெய்தே இரண்டாவதை வாங்க வேண்டும். வாங்கிய பின் திரும்பி வர வழியில்லை.

டென்னிஸ் களத்தில் இதே சட்டம் விளைத்த இழப்புக்குப் பாஞ்சோ கொன்சாலஸ் சான்று. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மெக்சிகோ வழிவந்த எளிய குடும்பத்தில் பிறந்த அவர், 1948, 1949 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கப் பட்டம் வென்றார். இளம் குடும்பஸ்தரான அவர் 1949இலேயே தொழில்முறைக்கு மாறினார். அதன்பின் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பலரும் ஒப்புக்கொண்ட ஆண்டுகளில்கூட விம்பிள்டனில் அவர் கால்வைக்க முடியவில்லை. 1968இல் கதவு திறந்தபோது அவருக்கு நாற்பது வயது.

இந்தப் பின்னணியில் கிருஷ்ணனின் முடிவை எடைபோட வேண்டும். நாகர்கோவிலில் 1937இல் பிறந்து, தந்தை டி.கே. இராமநாதனிடம் ஆட்டம் பயின்றவர் அவர். கல்லூரி மாணவர்க்கே உரிய பெர்ட்ரம் போட்டியில் பள்ளிச் சிறுவனாகிய அவர் ஆட, லயோலாக் கல்லூரி முதல்வர் சிறப்பு அனுமதி தந்ததும், 1951இல் அவர் அதை வென்றதும் சென்னை அறிந்த செய்தி. 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் ஆனார். கிரேமருக்கு ‘இல்லை’ என்று சொன்ன பின், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். இரண்டிலும் அவரை வென்றவர்களே, அதாவது நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும், அவ்வாண்டுகளின் பட்டத்தைப் பெற்றனர். 1966இல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் தோல்வியின் விளிம்பில் நின்று மீண்டுவந்து, இந்தியாவை முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்கு அழைத்துச் சென்றார். கையொப்பமிட்டிருந்தால் இவற்றில் ஒன்றும் நிகழ்ந்திராது. அந்த வெற்றிகளால் அவர் செல்வந்தர் ஆகவில்லை. பிற்காலத்தில் சென்னையில் சமையல் எரிவாயு முகவாண்மை நடத்தினார்.

அவருடைய மறுப்பைத் தியாகம் என்று போற்றுவது எளிது, போற்றவும் வேண்டும். ஆனால் அந்தத் தியாகத்தைக் கேட்டுப்பெற்ற சட்டத்தையும் சேர்த்துப் போற்றிவிடக் கூடாது. கொன்சாலஸ் பணத்தைத் தேர்ந்தது பேராசையால் அன்று. கிருஷ்ணன் பதக்கக் களத்தைத் தேர்ந்தது பணத்தின் அருமை அறியாமையால் அன்று. நியாயமற்ற ஒரு கேள்விக்கு இருவரும் தத்தம் மனச்சான்றின்படி விடையளித்தனர்.

1968இல் டென்னிஸ் அக்கேள்வியையே கைவிட்டது. அவ்வாண்டு விம்பிள்டன் எல்லார்க்கும் திறந்துவிடப்பட்டது. வென்ற லேவர் 2,000 பவுண்டு பரிசு பெற்றார். புதிய காலத்தின் பயனைப் பெற்ற முதல் தமிழர்கள் சென்னைக் கத்தோலிக்கக் குடும்பமொன்றின் பிள்ளைகளாகிய ஆனந்த், விஜய், அசோக் அமிர்தராஜ் சகோதரர்கள். நோய்வாய்ப்பட்ட சிறுவனாகத் தொடங்கிய விஜய், 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் காலிறுதி கண்டார். அமெரிக்க ஓப்பனில் லேவரையே வென்றார். அவர் பரிசுப் பணத்துக்கும் ஆடினார், நாட்டுக்காகவும் ஆடினார். விளக்கொளியும் ஆரவாரமும் நிறைந்த அமெரிக்க அணி டென்னிஸ் காட்சிகளிலும் ஆடினார். 1983இல் ‘ஆக்டோபஸ்ஸி’ திரைப்படத்தில் நடிக்கவும் செய்தார். ஒன்று மற்றொன்றை மாசுபடுத்தவில்லை. 1974இல் நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாப்பிரிக்காவுடன் டேவிஸ் கோப்பை இறுதியில் ஆட மறுத்து இந்தியா விலகியபோது, கைக்கெட்டிய கோப்பையை இழந்தவர்களுள் இச்சகோதரர்களும் அடங்குவர். விளையாட்டின் மானம் பணம் வாங்காததில் இல்லை. எதற்காக ஆடமாட்டோம் என்று சொல்வதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? விஜயின் பெற்றோர் பெயரும் இணைந்த சென்னைப் பயிற்சித் திட்டம் 1985இல் தொடங்கியது. அதில் வளர்ந்த லியாண்டர் பயஸ் 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றார்.

பனித்தளமும் பின்னர் மனம் மாறியது. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் தொழில்முறைக் கலைஞர்கள் திரும்பி வர அனுமதி கிடைத்தது. டார்வில், டீன் இணையர் வெண்கலம் பெற்றனர். இருமுறை தங்கம் வென்ற கத்தரீனா விட் ஏழாம் இடமே பெற்றார். மீண்டும் தங்கம் கிடைக்காது என்று அறிந்தும் அவர்கள் ஏன் வந்தனர்? காட்சி அரங்கில் கைதட்டல் நிச்சயம். தோல்வி என்பது அங்கில்லை. தோற்கும் வாய்ப்புள்ள இடத்தில்தான் தம் கலையின் உண்மை அளவு தெரியும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். காட்சி சோறு தரும், சுதந்திரமும் தரும். உரைகல்லைப் போட்டியே தரும். 2014, 2018 ஒலிம்பிக் வெற்றியாளரான ஜப்பானின் யுசுரு ஹன்யு 2022இல் போட்டியை விட்டு, மறு ஆண்டு டோக்கியோ டோம் அரங்கில் தனியொருவராகக் காட்சி நடத்தினார். அவரை இன்று எவரும் தாழ்ந்தவராகக் கருதுவதில்லை. தமிழகப் பெற்றோர்க்கு அமெரிக்காவில் பிறந்து, இந்தியாவுக்காகப் பனித்தளத்தில் ஆடும் தாரா பிரசாத் போன்ற இளையோர் இன்று அந்தப் பழைய சட்டத்தின் அச்சமின்றி ஆடலாம்.

இவையெல்லாம் தொலைதூரத்துக் கதைகள் அல்ல. ஜவ்வாது மலைச் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறுமி பள்ளிப் போட்டியில் முதலாவதாக ஓடிவந்தால், வீட்டில் எழும் முதல் கேள்வி ‘இதனால் சோறு கிடைக்குமா?’ என்பதே. அது கொச்சையான கேள்வி அன்று. வறுமை கற்பித்த நேர்மையான கேள்வி. ரயில்வேயும் காவல்துறையும் விளையாட்டு வீரர்க்கு வேலை கொடுத்து அதற்கு நெடுங்காலமாக ஒரு விடை தந்துவருகின்றன. 2014இல் தொடங்கிய புரோ கபடிப் போட்டி வேறொரு விடை தந்தது. புழுதியில் ஆடிய கிராமத்துப் பிள்ளைகள் விளக்கொளியில் ஏலம் எடுக்கப்படுகின்றனர். ‘விளையாட்டு காட்சியாகிவிட்டதே’ என்று நாம் முகம் சுளிக்குமுன், அந்த முகச்சுளிப்பின் மூதாதை யாரென்று நினைத்துப் பார்ப்பது நலம்: கூலிக்காரன் படகு வலிக்கக் கூடாது என்ற ஹென்லிக் கனவான்களே!

கிருஷ்ணன் மறுத்தது அவரது பெருமை. நம் பிள்ளைகளில் எவரும் அப்படி மறுக்கவேண்டிய நிலை வராமல் காப்பது நமது கடமை.