குழாய்க்குள் ஏன் ஆர்கான்? ஒரு சோம்பேறி வாயுவின் வரலாறு



திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளுக்குக் குழாய் வேலை எடுத்துச் செய்யும் பழைய மாணவர் ஒருவர் போனில் ஒரு கேள்வி கேட்டார். "எம்.எஸ். பைப்புக்கு வெளியே மட்டும் வெல்டு வெச்சாப் போதுங் சார். எஸ்.எஸ். பைப்புன்னா உள்ளேயும் ஆர்கான் விடச் சொல்றாங்க. பாதிக் காசு காத்தாவே போகுதுங். இது எதுக்குங் சார்?"

நல்ல கேள்வி. போனில் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். வெல்டிங் தெரியாதவர்களும் படிக்கலாம். பத்தாம் வகுப்பு வேதியியல் ஞாபகம் இருந்தால் போதும்.

1785இல் இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் காற்றிலுள்ள நைட்ரஜனுடன் ஆக்சிஜனைச் சேர்த்து, மின்பொறி பாய்ச்சி, உண்டான வாயுவைக் கரைசலில் கரைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் எதிலும் சேராமல் நின்றது. நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று குறித்து வைத்தார். அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக அந்தக் குமிழியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1890களில் ராலே பிரபு நைட்ரஜனின் எடையைத் துல்லியமாக அளந்தார். ஒரே குடுவையில் காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் 2.3102 கிராம், அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்தது 2.2990 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை. "அளவீட்டுப் பிழை" என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. வில்லியம் ராம்சேயும் சேர்ந்துகொண்டார். காற்று நைட்ரஜனைச் சூடான மெக்னீசியத்தின் மேல் திரும்பத் திரும்பச் செலுத்தினார். நைட்ரஜன் போன பிறகும் ஒரு வாயு மிஞ்சியது. 1894 ஆகஸ்டில் இருவரும் அறிவித்தார்கள். எதனோடும் வினைபுரியாததால் ஆர்கான் என்று பெயர். கிரேக்க மொழியில் சோம்பேறி என்று பொருள். நம் பாடநூலில் "மந்த வாயு" என்று படித்தீர்களே, அதுதான். நாம் இழுக்கும் மூச்சில் ஏறக்குறைய 100இல் ஒரு பங்கு இந்த வாயு. 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ராலேக்கு இயற்பியலில், ராம்சேக்கு வேதியியலில்.

இந்த ராம்சேக்கு நம்மோடும் தொடர்பு உண்டு. ஜாம்ஷெட்ஜி டாடா தொடங்க நினைத்த அறிவியல் நிலையத்துக்கு இடம் பார்க்க இந்தியா வந்து, பெங்களூரைப் பரிந்துரைத்தவர் அவரே. நம் ஊர்ப் பிள்ளைகள் கனவு காணும் இந்திய அறிவியல் நிலையம் 1909இல் அப்படித்தான் அங்கே அமைந்தது. அதன் முதல் இயக்குநர் மோரிஸ் டிராவர்ஸ், ராம்சேயோடு சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றைக் கண்டுபிடித்தவர்.

இனி இரும்புக்கு வருவோம். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழல் தேயாமலிருக்க வழி தேடியபோது, சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காததைக் கவனித்தார். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு மெல்லிய தோல் போர்த்துகிறது. தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் அந்தத் தோல். நாம் சில்வர் டம்ளர் என்று சொல்கிறோமே, அது வருடக்கணக்கில் பளபளப்பது இதனால்தான்.

குளிர்ந்த நிலையில் காப்பாற்றும் அதே ஆக்சிஜன், உருகிய நிலையில் கெடுத்துவிடும். 1941இல் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித், எளிதில் தீப்பிடிக்கும் மெக்னீசியத்தை இணைக்க டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியத்தைப் பாய்ச்சினார். டிக் வெல்டிங் இப்படித்தான் நடைமுறைக்கு வந்தது. பிறகு ஹீலியத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஆர்கான் பிடித்தது. காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கி ஆக்சிஜன் பிரிக்கும் ஆலையிலேயே ஆர்கானும் கிடைத்துவிடுகிறது. கணபதியிலும் பீளமேட்டிலும் பட்டறைக்காரர்கள் இதை "ஆர்கான் வெல்டிங்" என்றே சொல்கிறார்கள்.

இப்போது நம் மாணவரின் கேள்வி. டார்ச்சிலிருந்து வரும் ஆர்கான் குழாயின் வெளிப்பக்கத்தை மட்டும் மூடுகிறது. உலோகம் உள்பக்கம் வரை உருகுகிறது. அங்கே இருப்பது சாதாரணக் காற்று. எம்.எஸ். பைப்பில் குரோமியம் கிடையாது. உள்ளே கொஞ்சம் கருஞ்செதில் படியும். அது எப்படியும் துருப்பிடிக்கும் இரும்புதான், அதற்கேற்ற தடிமன் வைத்தே போடுகிறார்கள். சாதாரண வேலைக்கு அது போதும். எஸ்.எஸ். பைப்பில் குரோமியம் ஓடிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. எஃகு 1,450 டிகிரி அளவில் உருகிவிடும். குரோமியம் ஆக்சைடு உருக 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் உருகிய உலோகம் வழிந்து படியாமல் பொரிந்துபோய், கருஞ்சர்க்கரை கொட்டியதுபோல் நிற்கும். அந்தப் பொரிவில் அழுக்கு தங்கும். பக்கத்தில் நீலமும் கருப்புமாக ஏறும் நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும். பெயர் ஸ்டெயின்லெஸ், அந்த ஒரு விரல் அகலத்தில் மட்டும் அது ஸ்டெயின்லெஸ் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. அனல்மின் நிலைய நீராவிக் குழாய்களில் 9 சதவீதம் வரை குரோமியம் இருக்கும். பார்வைக்குக் கரும்பைப்புதான், உள்ளே ஆர்கான் கேட்கும். வெளி நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், என்ன கிரேடு என்று கேளுங்கள். 1965இல் திருச்சியில் பெல் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை வந்தது. 1975இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. இத்தகைய பாடங்களை நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் முறையாகக் கற்க அது பெரிய வாசலானது.

கொங்கு நாட்டுக்கு ஸ்டெயின்லெஸ் புதிதல்ல. சேலம் உருக்காலைக்காக 1967இல் அண்ணா "எழுச்சி நாள்" நடத்தினார். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் அங்கே ஸ்டெயின்லெஸ் தகடு உருண்டு வெளிவந்தது.

ஆனால் குழாயின் உள்பக்கம் நமக்கு வாழ்வுப் பிரச்சினையானது திருப்பூரில். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றதை நொய்யல் கரைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பதே நிபந்தனை. கழிவைச் சவ்வு வழியே அழுத்திச் சுத்தம் செய்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுக்க வேண்டும். அந்தக் குழாய்களில் ஓடுவது கடும் உப்புத் தண்ணீர். உப்பிலுள்ள குளோரைடு முதலில் தேடிப் பிடிப்பது உள்ளே கருகிய வெல்டைத்தான். ஊசி முனை அளவு ஓட்டை போதும், உப்பு மறுபடி மண்ணுக்கு வந்துவிடும். ஆகவே, மாணவரே, நீங்கள் விடும் ஆர்கான் காற்றோடு போகவில்லை. அது குழாயின் ஆயுளாகவும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீராகவும் நிற்கிறது.

செலவைக் குறைக்க வழி உண்டு. முழுக் குழாயையும் நிரப்ப வேண்டாம். இணைப்புக்கு இரண்டு பக்கமும் ரப்பர் அடைப்போ தண்ணீரில் கரையும் காகிதமோ வைத்து அடைத்து, சந்தில் டேப் ஒட்டுங்கள். ஆர்கான் காற்றைவிட 1.38 மடங்கு கனம். கீழே மெதுவாக விட்டால், காற்று மேலே உள்ள துளை வழியே தானாக வெளியேறும். வேகமாக விட்டால் இரண்டும் கலந்துவிடும், வாயுதான் வீண். ஆக்சிஜன் மீட்டர் வைத்து, 0.1 சதவீதத்துக்கும் கீழே போன பிறகே தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் தவறாமல் படியுங்கள்.

ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை, விஷமும் இல்லை. ஆனால் அது இருக்கும் இடத்தில் ஆக்சிஜன் இல்லை. நமக்கு மூச்சு முட்டுவது உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால்தான். ஆக்சிஜன் குறைவதை உடம்பு உணராது. அதனால் ஆர்கான் நிறைந்த தொட்டியில் இறங்கினால் எந்த அறிகுறியும் இல்லாமல் இரண்டொரு மூச்சில் மயக்கம் வரும். 1981 மார்ச் 19 அன்று அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் கொலம்பியா ஓடத்தின் பின்பகுதியில் நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். அது தெரியாமல் உள்ளே போன தொழிலாளர்கள் சாய்ந்தார்கள். ஒருவர் அன்றே இறந்தார், இன்னொருவர் சில நாட்களில். உலகத்திலேயே கவனமாக வேலை நடக்கும் இடம் அது. நம் ஊரில் கிணற்றில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் விழுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்; இதுவும் அதே கதைதான்.

பெரிய குழாய்க்குள்ளோ தொட்டிக்குள்ளோ தலையை விட்டு வெல்டைப் பார்க்காதீர்கள். மூடிய அறையிலும் குழியிலும் வாயு வெளியேற வழி செய்யுங்கள். 19.5 சதவீதத்துக்குக் குறைவாக மீட்டர் காட்டினால் உள்ளே கால் வைக்காதீர்கள். வெளியே ஒரு ஆளை நிறுத்தாமல் இறங்காதீர்கள். ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள்.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் டார்ச் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள், கண்ணுகளா. பட்டறை அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.