வித்யாசுந்தரி எழுதாத சுயசரிதை

அமெரிக்க ஜாஸ் பாடகியான பில்லி ஹாலிடே, 1938-ஆம் ஆண்டில் வெள்ளையர் வாத்தியக் கோஷ்டியோடு நியூயார்க் ஹோட்டலொன்றில் பாடிவந்தபோது, கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்தால் சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் ஏறி இறங்க வேண்டுமென்று கட்டளையிடப்பட்டார். புகழும் வறுமையும் நிறத்துவேஷமும் மாறி மாறி வந்த அந்த வாழ்க்கையை, வில்லியம் டஃப்டி என்ற பத்திரிகையாளர் துணைகொண்டு, 1956-இல் அவர் புஸ்தகமாக வெளியிட்டார். ‘வித்யாசுந்தரி’ எனப் பெயர்பெற்ற நம் கர்நாடக இசைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவ்விதம் சுயசரிதை எதுவும் விட்டுச்செல்லவில்லையெனினும், அவர் எழுதிய ஒரு முன்னுரையும் கட்டிய ஓர் ஆலயமும் அந்தக் குறையைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகின்றன.

1878-இல் நஞ்சன்கூட்டில் தேவதாசி குலத்தில் பிறந்து, தகப்பனாரின் ஆதரவு அற்றுப்போய், மகள் பெயரெடுத்தாலன்றி மைசூர் திரும்புவதில்லையென்று சபதம் செய்த தாயாரையும் பதினான்கு வயதில் பறிகொடுத்தவர், பின்னாளில் சென்னையில் வருமானவரி செலுத்துமளவுக்குச் சம்பாதித்தார்.

தஞ்சை அரண்மனைக் கவி முத்துப்பழனியின் ‘ராதிகா ஸாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியத்தை, ஒரு தாசி சிருங்காரம் எழுதலாமா என்று பண்டிதர் வீரேசலிங்கம் நிந்தித்திருந்ததைப் பொறாமல், 1910-இல் அதைப் பதிப்பித்து, வெட்கம் பெண்களுக்கு மட்டும்தான் சொந்தமோ, ஆண் கவிகள் எழுதிய சிருங்காரம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்னும் கருத்துப்பட முன்னுரையில் வினவினார். கேள்விக்குப் பதில் சொல்வதைவிட நூலைத் தடை செய்வது சுலபமாயிருந்தது போலும்; வெள்ளை அரசாங்கம் அதைத்தான் செய்தது. பிரகாசம் சென்னை மாகாண முதல்வரானபின்பே தடை நீங்கிற்று.

தியாகராஜ ஸ்வாமிகளின் திருவையாற்றுச் சமாதி பாழடைந்து கிடப்பதாகக் குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதத்தைக் கண்டு, நகைகளையும் சொத்தையும் விற்று அவர் எழுப்பிய ஆலயத்துக்கு 1925-இல் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனால் அங்கே ஸ்வாமிகளின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் ஆராதனையில் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்து சச்சரவிட்ட வித்வான்கள், பெண்கள் பாடக்கூடாதென்பதில் மட்டும் ஒற்றுமையாயிருந்தார்கள்! அம்மாள் மன்றாடிக்கொண்டிருக்கவில்லை, 1927-இல் பெண்கள் கட்சியென்று மூன்றாவதொன்றைச் சேர்த்து, சந்நிதியின் பின்புறத்தில் பாட்டைத் தொடங்கிவிட்டார். கட்சிகள் ஒன்றுபட்ட பிறகே, 1941-இல், பெண்களுக்கும் ஆராதனையில் இடம் கிடைத்தது.

1952-இல் காலமான அம்மையார், தம் ஆஸ்தியை அந்த ஆலயத்துக்கே உயிலெழுதினார். அங்கே பெண்களுக்கு, தேவதாசிகள் உட்பட, வழிபடும் உரிமை மறுக்கப்படலாகாதென்ற நிபந்தனையையும் உடன் விதித்தார்.