கம்பஸ் சேரும் கடனும்

அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் விரிவுரையாளரைச் சேர்க்கும்போது சம்பளத்தோடு இன்னொரு சலுகையும் கொடுக்கின்றன. அவர் படிக்கும்போது பட்ட கடனில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகமே கட்டுகிறது. தொழில் கொடுப்பவர் இப்படி வருடத்துக்கு 5,250 டொலர் வரை கட்டினால் வருமான வரி இல்லை என்று 2020இல் சட்டம் வந்தது. 2007இலேயே, பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியவரின் மீதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வழி வைத்துவிட்டார்கள்.

இறக்கக்கண்டியில் இதைச் சொன்னால், "கம்பஸ் போனவருக்கு என்ன கடன்?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்க நம்மால் முடிகிறது என்றால் அதற்கு 1945 காரணம்.

அந்த வருடம் ஒக்டோபர் 1ஆம் திகதி, கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன், மே மாதத்தில், ஏ. எம். ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியிருந்தார். 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, கிழக்கின் ஏழைப் பிள்ளைகளின் நிலையைக் கண்ணால் கண்டவர் அவர். கட்டணம் இல்லாவிட்டாலும் சாப்பாடு, தங்குமிடம், புத்தகம் என்று செலவு இருக்கிறதே! 1981இல் லலித் அத்துலத்முதலி சட்டமாக்கிய மஹாபொல புலமைப்பரிசில் நிதி இந்தச் செலவுக்குத்தான் கைகொடுத்தது.

ஆனால் இலவசமாகப் படித்த விரிவுரையாளருக்கும் ஒரு கடன் உண்டு. பெயர் மட்டும் வேறு: பிணைமுறி. சம்பளத்துடன் கல்வி விடுமுறை பெற்றுக் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போகிறவர், திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் சேவை செய்வதாகக் கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் பணத்தைக் கட்ட வேண்டும். அவர் கட்டாவிட்டால் பிணை நின்றவரிடம் கேட்பார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போன விரிவுரையாளர்கள் பலர். பிணைமுறியால் ஓரளவு பணத்தை மீட்கலாம். ஆளை மீட்க முடியவில்லை.

இதற்கிடையில் மாணவர் கடனும் நம் வாசலுக்கு வந்துவிட்டது. உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, அனுமதிபெற்ற தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017இல் வட்டியில்லாக் கடன் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் உச்சத் தொகை 8 இலட்சம் ரூபாய். வட்டியை அரசு ஏற்கிறது. வட்டிக்கு அஞ்சும் நம் பெற்றோருக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் முதலைப் பிள்ளைதான் கட்ட வேண்டும். கடலை நம்பிய வீட்டுக்கு மாதத் தவணை லேசான விஷயமில்லை.

நம்மூரிலிருந்து நிலாவெளி வீதியால் திருகோணமலைக்குப் போகும் வழியில், கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே கட்டடம் இருந்து விரிவுரையாளர் இல்லாவிட்டால் நம் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஓடினால் பிடிப்போம் என்ற பிணைமுறியை மட்டும் நம்பாமல், இருந்தால் தருவோம் என்றும் அரசு சொல்லட்டும். கடன் வாங்கிப் படித்த ஒருவர் இப்படிப்பட்ட வளாகங்களிலோ கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளிலோ கற்பிக்க வந்தால், அவர் சேவை செய்யும் ஒவ்வொரு வருடத்துக்கும் கடனில் ஒரு பங்கைக் கழிக்கட்டும்.

உங்கள் கருத்து என்ன? குறிப்பாக, இந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் எழுதுங்கள்.