தொலைபேசிப் பொறியும் மனிதக் குரலும்



எண்ணால் செய்தி சொல்லும் வழக்கம் கோலார் தங்கவயல் மக்களுக்குப் புதியதன்று. நம் பாட்டனாரும் தந்தையாரும் சுரங்கத்தில் இறங்கிய காலத்தில், கூண்டின் இயக்கம் முழுவதும் மணியோசையின் எண்ணிக்கையைக் கொண்டே நடைபெற்றது. ஓடும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு மணி என்றால் இறக்கு. மூன்று மணி என்றால் ஆட்கள் ஏற ஆயத்தம். மேலிருந்து பதில் மணி வந்த பின்னரே ஆட்கள் கூண்டில் அடியெடுத்து வைப்பது முறை. நாம் அனுப்பிய எண்ணை மறுமுனையில் ஒரு மனிதர் கேட்டுக்கொண்டார் என்பதற்கு அதுவே உறுதி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன, அம்மணிகளும் ஓய்ந்தன. இன்று நாம் எண்களை அழுத்துவது தொலைபேசியில். அங்கே விடை சொல்வது பெரும்பாலும் பொறியே. அப்பொறி வந்த வரலாற்றை அறிவது நமக்குப் பயன்தரும்.

நம் நாட்டில் தொலைபேசி இணைப்பகங்கள் 1882இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொடங்கின. அக்காலத்தில் ஒருவர் தொலைபேசியை எடுத்தால் ஆபரேட்டர் பேசுவார். யார் வேண்டும் என்று கேட்டு, கம்பியைப் பலகையில் செருகி இணைப்பார். அழைப்பை உரியவரிடம் சேர்ப்பது அன்று முற்றிலும் மனிதர் பணியே. அமெரிக்க நாட்டின் கான்சாஸ் நகரில் ஈமச்சடங்குத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளரிடம் திருப்பிவிடுவதாக ஐயுற்றாராம். அந்த ஐயத்தினின்றே ஆளில்லா இணைப்பகம் பிறந்தது என்பர். 1891இல் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே லா போர்ட் என்னும் ஊரில் அத்தகைய இணைப்பகம் இயங்கலாயிற்று. இந்தியாவில் முதல் தானியங்கி இணைப்பகம் 1913-14இல் சிம்லாவில் அமைந்தது.

எனினும், சுழல்வட்டத் தொலைபேசி எண்ணை மின்னோட்டத் துண்டிப்புகளாகவே அனுப்பிற்று. அவை இணைப்பகத்தோடு நின்றுவிடும். 1963இல் அமெரிக்காவில் பொத்தான் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்பும். பேச்சு செல்லும் வழியிலேயே அவ்வொலிகளும் சென்று மறுமுனையை எட்டும். அங்குள்ள கணினி அவற்றைக் கேட்டு, இன்ன எண் என்று அறிந்து, பதிவு செய்த குரலால் விடை கூறும். பேசும் பொறிக்கு அடிப்படை இதுவே.

நாம் பணிபுரியும் ரயில்வேயில், 1980களில் முன்பதிவு கணினிமயமாயிற்று. பயணச்சீட்டில் அச்சான பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இடம் கிடைத்ததா என்பதைப் பொறியே சொல்லும் நிலை பின்னர் உருவாயிற்று. 138, 1072 எனப் பலவாக இருந்த உதவி எண்கள் 2020இல் 139 என்னும் ஒரே எண்ணில் இணைக்கப்பட்டன. பாதுகாப்புக்குரிய 182உம் 2021இல் அதனோடு சேர்ந்தது. பன்னிரண்டு மொழிகளில் அமைந்த அவ்வெண்ணுக்கு நாளொன்றுக்கு 3 இலட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் வருவதாக ரயில்வே அமைச்சகம் அந்நாளில் அறிவித்தது. இத்தனை பேருக்கும் மனிதரே விடை கூறுவதென்றால் எத்தனை ஆயிரம் ஊழியர் வேண்டும்! பொறியின் தேவை சொல்லாமலே விளங்கும்.

ஆயினும், அன்று வகுத்த வரிசையைக் கூர்ந்து நோக்குக. வண்டி நேரம், பி.என்.ஆர். நிலை, கட்டணம் போன்றவற்றுக்கு 2. அங்கே பொறி விடை கூறும். பாதுகாப்புக்கும் மருத்துவ உதவிக்கும் 1. அதை அழுத்தியவுடன் அழைப்பு ஊழியரிடமே செல்லும். எவ்வகைக்கும் மனிதரோடு பேச விரும்புவோர்க்கு நட்சத்திரக் குறி. உயிருக்கு இடர் நேர்ந்தவரைப் பொறியோடு வழக்காட விடலாகாது என்னும் அறம் இவ்வரிசையில் அமைந்திருக்கிறது.

இந்த அறம் எல்லா நிறுவனங்களின் தொலைபேசியிலும் காணக் கிடைப்பதில்லை. சிலவற்றில் மனிதரை அடையும் எண் கடைசியில் ஒளிந்திருக்கும். சிலவற்றில் அது இருப்பதேயில்லை. அழைப்பை மாற்றுவதிலும் இருவகை உண்டு. அழைத்தவர் அழுத்திய எண்களும் சொன்ன குறையும் அடுத்த ஊழியரின் திரையில் தோன்றுமாறு மாற்றுவது ஒன்று. வெறும் அழைப்பை மட்டும் தள்ளிவிட்டு, முதலிலிருந்து சொல்லச் செய்வது மற்றொன்று. முன்னது உபசாரம், பின்னது அலைக்கழிப்பு.

நம் காலனியில் பிள்ளைகள் விடியற்காலையில் மாரிகுப்பம் வண்டியேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் செல்ல, வீட்டில் முதியோர் தனித்திருக்கும் குடும்பங்கள் பல. எரிவாயு உருளை பதிவதும் வங்கிக் கணக்கு அறிவதும் அவர்க்கு இன்று தொலைபேசி வழியே. ஆதலின் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடன் அமர்ந்து, மொழியைத் தெரிவு செய்வதையும் மனிதரை அடையும் எண்ணையும் பழக்கி, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பார்களாக. அவ்வெண் இல்லாத நிறுவனங்களுக்கு நம் சங்கத்தின் வாயிலாக எழுதிக் கேட்போமாக.

பொறி எத்துணை இனிமையாகப் பேசினும், சுரங்கத்தில் நம் முன்னோர் காத்து நின்றது பதில் மணிக்கே. அந்த மணியை இன்றும் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!