2147483647 (எண்)

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) என்பது பத்து இலக்கங்கள் கொண்ட ஓர் ஒற்றைப்படை எண் ஆகும். 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். இது பகா எண். மெர்சென் பகா எண்களில் எட்டாவது. அடுக்கான 31-உம் மெர்சென் பகா எண் ஆதலால் இது இரட்டை மெர்சென் பகா எண் எனவும் வகைப்படுத்தப்படுகிறது. அவ்வகையில் அறியப்பட்டவை நான்கே.

பிரெஞ்சுத் துறவி மாரின் மெர்சென் 1644-இல் வெளியிட்ட பட்டியலில் 31 என்னும் அடுக்கு இடம்பெற்றது. அப்பட்டியலை அப்படியே நம்ப முடியாது. 67, 257 ஆகியவற்றைத் தவறாகச் சேர்த்த அவர் 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார். எனவே 31-க்கும் நிறுவல் தேவைப்பட்டது.

இதற்கு முன் இத்தாலியரான கட்டால்டி, 524287 பகா எண் என்பதை அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தே கண்டறிந்திருந்தார். அதே வழியில் சென்றால் 2147483647-க்கு 46,340 வரையுள்ள 4,792 பகா எண்களால் வகுக்க வேண்டும். லியோனார்டு ஆய்லர் இவ்வேலையைச் சுருக்கினார். இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண் எதுவாயினும், அதை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-இன் மடங்கைவிட 1 அல்லது 63 கூடுதலான எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவற்றுள் பகா எண்கள் 84 மட்டுமே. முதலாவது 311, அதனால் வகுத்தால் மீதி 35. எஞ்சியவற்றிலும் மீதி வந்தது. பெர்னூலிக்கு ஆய்லர் எழுதி 1772-இல் அச்சான கடிதத்தில் இம்முடிவு உள்ளது. அப்போது அவர் பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தார் என்பது வியப்புக்குரியது.

இதனை 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்ணான 2305843008139952128 கிடைக்கும். ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ 1811-இல், இதனினும் பெரிய நிறைவெண் கண்டுபிடிக்கப்படாது என எழுதினார். இவை வேடிக்கைக்கு உரியவையே, பயனற்றவை, ஆதலால் எவரும் தேட முற்படமாட்டார் என்பது அவர் கருத்து. அவர் கணிப்பு 65 ஆண்டுகளே நின்றது. எடுவார்ட் லூக்கா 1876-இல் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவினார்.

பயனற்றது என்ற கூற்றும் நிலைக்கவில்லை, ஆனால் காரணம் இவ்வெண்ணின் பகாத்தன்மை அன்று. கணினியில் 32 பிட்டுகளில் ஒன்றைக் குறிக்கு ஒதுக்கினால், மற்ற 31 பிட்டுகளில் அடங்கும் மிகப்பெரிய எண் இதுவே. பல கணினிகள் 1970 சனவரி 1 முதல் நொடிகளை இவ்வாறு எண்ணி வந்தன. 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அவ்வெண்ணிக்கை 2147483647-ஐ எட்டும். அடுத்த நொடியில் அது எதிர்மமாக மாறி, 1901 டிசம்பர் மாதத் தேதியைக் காட்டும். இதைத் தவிர்க்கவே புதிய அமைப்புகள் 64 பிட்டுகளுக்கு மாற்றப்படுகின்றன.