குண்டெறிந்த கை எது?

வரலாற்றில் இன்றளவும் முடிச்சவிழாத வழக்குகள் சில உண்டு. அவற்றுள் ஒன்றை ஈண்டு நாம் ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், 1886-ஆம் ஆண்டு மே முதல் நாள், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை கோரிப் பல்லாயிரம் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். 3-ஆம் நாள் மெக்கார்மிக் தொழிற்சாலையருகே போலீசார் சுட்டதில் தொழிலாளர் மாண்டனர். அதனைக் கண்டித்து மறுநாள் மாலை ஹேமார்க்கெட் சதுக்கத்தில் கூட்டம் கூடிற்று. நகர மேயர் ஹாரிசனே நேரில் வந்து, கூட்டம் அமைதியாக நடைபெறுவதைக் கண்டு திரும்பினார். பின்னர்ப் போலீஸ் அணி வந்து, கலைந்து செல்லுமாறு ஆணையிட்டது. அவ்வேளை எங்கிருந்தோ ஒரு குண்டு வீழ்ந்து வெடித்தது. போலீசாரும் சுட்டனர். போலீசாருள் 7 பேரும், பொதுமக்களுள் குறைந்தது 4 பேரும் உயிரிழந்தனர்.

எறிந்தவர் யார் என்பதற்கு இன்றுவரை விடையில்லை. ஆயினும் அச்சமுற்ற நகரம் விடைக்குக் காத்திருக்கவில்லை. எண்மர்மீது வழக்குத் தொடர்ந்தனர். அவர்களுள் எவரும் குண்டை எறிந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை. பெரும்பாலும் அவர்தம் பேச்சும் எழுத்துமே சான்றாயின. 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டனர். முந்திய நாள் ஒருவர் சிறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். எஞ்சிய மூவரை 1893-இல் ஆளுநர் ஆல்ட்கெல்டு, விசாரணை நேர்மையற்றதெனக் காட்டி விடுவித்தார். அச்செயலுக்காகப் பெரும் பழி சுமந்தார்.

குண்டு வெடித்தது ஒரு கணத்தில். அச்சம் எழுதிய தீர்ப்பைத் திருத்த ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆயின. அத்திருத்தமும் தூக்குமேடை ஏறியோரை மீட்கவில்லை. கலகக் காலத்தில் நீதிமன்றம் பொறுமை இழத்தலாகாது என்பதே இவ்வரலாற்றினின்றும் நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.